இயந்திரம் வாங்குமுன் கொப்பியைத் திறந்தேன்

பெயர்ப்பலகைக் கடை என்றால் அது ஆண்களின் தொழில் என்றே பலரும் எண்ணுகின்றனர். மட்டக்களப்பில் உள்ள எமது சிறிய கடையையும் என் கணவர்தான் தூரிகையும் எனாமல் பெயின்றுமாகத் தொடங்கினார். கைநடுக்கம் வந்த பின்னர் அவரால் எழுத முடியவில்லை. நான் கொம்பியூட்டரில் வடிவமைக்கப் பழகினேன். ஸ்டிக்கரில் எழுத்து வெட்டும் இரண்டடிக் கட்டர் ஒன்று எம்மிடம் இருந்தது. படத்தோடு அச்சிட வேண்டியவற்றை வேறொரு கடையில் கொடுத்து எடுத்து வந்தோம். இலாபத்தின் பெரும்பகுதி அங்கேயே போய்விடும்.

சொந்தமாக ஒரு பெரிய அச்சு இயந்திரம் வாங்குவோமா என்ற பேச்சு 2023 ஜனவரியில் எழுந்தது. முதலுக்கு இருந்ததோ மூத்த மகளுக்கென வைத்திருந்த நகை மாத்திரம். முந்தைய ஆண்டின் நெருக்கடியில், மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவளவுக்கு ஏறியதைக் கண்டவர்கள் நாம். மை, ரோல், உதிரிப்பாகம் யாவும் இறக்குமதிப் பொருட்கள். எனவே அவசரப்பட முடியவில்லை.

“மச்சாள், உள்ளூராட்சித் தேர்தல் வருது. பத்தடி மெஷினா எடுங்க. ஒரு சீசனிலேயே பாதிக் காசு வந்திரும்” என்றார் கணவரின் தம்பி.

நான் வேலைகளைக் குறித்து வைக்கும் கொப்பியைத் திறந்தேன். எந்த வேலை, எத்தனை அடி அகலம், எத்தனை அடி நீளம் என்று ஒரு வருடத்துக்குரியதை எண்ணிப் பார்த்தேன். கடைப் பெயர்ப்பலகை, முச்சக்கரவண்டி ஸ்டிக்கர், பாடசாலை விளையாட்டுப் போட்டிப் பெனர், மரண அறிவித்தல் என்று பத்தில் எட்டு வேலை ஆறடி இயந்திரத்திலேயே அடங்கின. பன்னிரண்டடி நீளமும் ஐந்தடி அகலமும் கொண்ட பெனருக்குப் பத்தடி இயந்திரம் தேவையில்லை. நீளம் ரோலின் போக்கில் ஓடிவிடும். சிறிய பக்கம் இயந்திரத்தின் அகலத்துக்குள் அடங்கினால் போதும். மிகுதி இரண்டு வேலைகளை முன்போலவே வெளியில் கொடுக்கலாம்.

அடுத்தது மை. பத்தடி இயந்திரங்களில் பெரும்பாலும் சொல்வென்ட் மைதான். விலை குறைவு, வெயிலுக்கும் தாங்கும். ஆனால் அதன் வாடை கடுமையானது. தனி அறையும் காற்றை வெளியேற்றும் விசிறியும் வேண்டும். எமது வீடு கடையின் பின்புறம். சின்னவனுக்கோ இழுப்பு. ஈகோ சொல்வென்ட் மையில் வாடை குறைவு. அதற்காகக் காற்றோட்டமே வேண்டாம் என்பதில்லை. யன்னலும் விசிறியும் அதற்கும் வேண்டும். நீர் கலந்த லேடெக்ஸ் மையை அதிக சூட்டில் உலர்த்த வேண்டும், மின்கட்டணம் கூடும். யூ.வீ. இயந்திரத்தின் விலை எமக்கு எட்டவில்லை.

மின்சாரத்தையும் யோசித்தேன். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்துண்டிப்பு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மை தெளிக்கும் ஹெட்டின் துவாரங்கள் மயிரிழையிலும் நுண்ணியவை. அச்சிடும்போது மின்சாரம் நின்றால் ஹெட் தன் மூடியில் போய் அமராமல் நடுவழியில் நின்றுவிடும். மை காய்ந்து துவாரம் அடைபடும். வேலையின்றிப் பல நாள் கிடந்தாலும் இதே கதைதான். ஆகவே யூ.பி.எஸ். ஒன்றின் விலையையும் சேர்த்தே கணக்கிட்டேன். தினமும் சிறிதளவாவது அச்சிடுமளவுக்கு வேலை இருக்கிறதா என்றும் கொப்பியில் பார்த்துக்கொண்டேன்.

விற்பனைப் பிரதிநிதி வந்தபோது நான் கேட்ட கேள்விகளுக்கும் அவர் கணவரைப் பார்த்தே பதில் சொன்னார். “அவவிட்டச் சொல்லுங்க தம்பி, மெஷினை ஓட்டப் போறது அவதான்” என்றார் இவர். மணிக்கு இத்தனை சதுர அடி அடிக்கும் என்று சொன்ன வேகம், தரம் மிகக் குறைந்த அச்சுக்குரியது என்பது கேட்ட பின்னர்தான் தெரிந்தது. ஹெட் பழுதானால் புதியது என்ன விலை, கொழும்பிலிருந்து திருத்துநர் வர எத்தனை நாள் என்பவற்றை எழுதித் தரும்படி கேட்டேன். அதே இயந்திரத்தை வைத்திருக்கும் கல்முனைக் கடையொன்றுக்கும் தொலைபேசியில் பேசினேன்.

பின்னர் எமது கோப்பொன்றையே அச்சிட்டுக் காட்டச் சொன்னேன். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் சிறிய எழுத்துக்கள் உள்ள மருந்துக்கடைப் பலகை அது. மெய்யெழுத்தின் புள்ளி அடைபடாமலும் சிங்கள எழுத்தின் சுழி கலங்காமலும் வந்தால்தான் அது எமக்கு உதவும். இவர் அந்த அச்சை வீதியின் எதிர்ப்பக்கம் நின்று வாசித்துப் பார்த்தார். பிறகு அதில் பாதியை மட்டையால் மூடி ஒரு மாதம் கூரையில் வைத்தார். மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் நிறத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

ஒரு ஹெட் கொண்ட ஆறடி ஈகோ சொல்வென்ட் இயந்திரத்தையே தெரிவு செய்தோம். நகையில் ஒரு பகுதியை மாத்திரம் அடகு வைத்தோம். மிகுதியைத் தவணையில் கட்டினோம். 2023 மார்ச் 9 இல் நடக்கவிருந்த அந்தத் தேர்தல் நிதியில்லை என்று பிற்போடப்பட்டு, 2025 மே 6 இல்தான் நடந்தது. மச்சானை நான் குறை சொல்லவில்லை, தேர்தல் நாளை அவரா தீர்மானிக்கிறார்? ஆனால் அதை நம்பிப் பத்தடி இயந்திரம் எடுத்திருந்தால் அந்த இரண்டு வருடத் தவணையை எதைக் கொண்டு கட்டியிருப்போம்? மகளின் சங்கிலி இப்போது வீட்டுக்கு வந்துவிட்டது. காப்புகள் இன்னும் வங்கியில்தான், அவற்றையும் மீட்போம்.

சகோதரிகளே, நீங்கள் வாங்க எண்ணுவது தையல் இயந்திரமாகவோ மா அரைக்கும் இயந்திரமாகவோ இருக்கலாம். உங்களிடம் வந்த வேலை என்ன, எவ்வளவு என்பது விற்பவருக்குத் தெரியாது. எழுதி வைக்கும் பழக்கம் இல்லையென்றால் இன்றே ஒரு கொப்பி வாங்கி மூன்று மாதம் எழுதுங்கள். விலை கேட்கப் போகும்போது அதையும் கையில் கொண்டு செல்லுங்கள்.