மல்லாட்டையும் சாட்டிலைட்டும்

போன ஆவணியில் கணியம்பாடி போயிருந்தேன். பெரியப்பா களத்தில் மல்லாட்டை காயப்போட்டிருந்தார். ''மழை வருமாடா?'' என்றார். செல்போனில் இன்சாட் படம் பார்த்தேன். நம் பக்கம் வெள்ளையே இல்லை.

''வராது பெரியப்பா, தைரியமா விடுங்க!''

ஒரு மணி நேரத்தில் ஜவ்வாது மலைப் பக்கம் கறுத்தது. கொட்டித் தீர்த்துவிட்டது. அத்தனையும் நனைந்துபோச்சு.

சாட்டிலைட் மேல் தப்பில்லை. 2024 பிப்ரவரியில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன இன்சாட்-3டிஎஸ், பூமியோடு சேர்ந்து சுற்றுவதால், சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து எப்போதும் நம்மையே பார்க்கிறது. அதன் அகச்சிவப்புப் படத்தில் ஒரு புள்ளி, 4 கிலோமீட்டர். ஊரே ஒரு புள்ளிக்குள் அடக்கம்! அதில் வெள்ளை என்றால் மழை இல்லை. மேகத்தின் தலை ஜில்லென்று இருக்கிறது, அவ்வளவுதான். அரை மணிக்கு ஒரு படம். நாள்கணக்கில் நகரும் வங்கக்கடல் புயலுக்கு அது தாராளம். திடீரென மலையில் திரளும் இடிமழைக்குப் போதாது.

நான் பார்த்ததோ மதியம் எடுத்த படம். ஓரத்தில் போட்டிருந்த நேரத்தைக் கவனிக்கவில்லை. பி.காம். படித்தவன், நேற்றைய பேரேட்டைப் பார்த்து இன்றைய கல்லாவை எண்ணிவிட்டேன்.

பெரியப்பா திட்டவில்லை. இப்போதும் போனில், ''இன்சாட் என்னடா சொல்லுது?'' என்று கேட்கிறார்.

நேரத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு நானும் கேட்கிறேன்: ''மலை என்ன சொல்லுது பெரியப்பா?''