டிக்கிக்குள்ளே பெட்டி வைக்க ஏலாது

அப்பாவின் காரில் பின் சீற்றுக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு தட்டு இருக்கிறது. அதில் ஒரு ரிசு பெட்டி, வெயிலில் நிறம் போன ஒரு பிள்ளையார், யாரோ பயணி மறந்துவிட்டுப் போன குடை. அந்தச் சாமான்களுக்குக் கீழே வலை போட்ட ஒரு வட்டம். அது சப்வூபர் என்பதே எங்களுக்குக் கனகாலம் தெரியாது. யப்பானில் கார் செய்தபோதே வைத்து அனுப்பியது. 'பற பற' என்று அது கத்தத் தொடங்கிய பிறகுதான் அங்கே ஒன்று இருக்கிறது என்று கண்டுபிடித்தோம்.

நாங்கள் அக்காவும் தங்கச்சியும். ஒருத்தி மூன்றாம் வருஷம், மற்றவள் முதலாம் வருஷம், இரண்டு பேரும் கலைப்பீடம். ஓமின் விதியை ஓ.எல் விஞ்ஞானப் புத்தகத்தோடு கட்டி வைத்தவர்கள். அப்பா கார் ஹயர் ஓடுகிறவர். கூட வருவது யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்க விமான நிலைய ஓட்டம்தான். போக 350 கிலோமீற்றருக்கு மேல், அதே தூரம் திரும்பி வர. போகும்போது காரில் ஆட்கள் இருப்பார்கள். கனடாவுக்கோ பிரான்சுக்கோ போகிற பிள்ளை, அழுதுகொண்டு வருகிற தாய், ஒன்றும் பேசாமல் ஜன்னலைப் பார்க்கிற தகப்பன். அப்போது அப்பா பாட்டுப் போடமாட்டார். "அழுகிற ஆக்களுக்கு நடுவில என்னெண்டு போடுறது" என்பார். திரும்பி வரும்போது கார் வெறுமை. அப்போதுதான் அவருடைய பென் ட்ரைவ் வேலை செய்யும்.

அதில் சினிமாப் பாட்டு குறைவு. முழுக்க நாதஸ்வரக் கச்சேரி. கசற்றிலிருந்து மாற்றிய பழைய பதிவுகள், தட்சணாமூர்த்தியின் தவில் தனி ஆவர்த்தனங்கள். அப்பா வளர்ந்தது இணுவில் பக்கம். கோயில் திருவிழாக்களில் தவில்காரருக்குப் பக்கத்தில், சரியாக இடக்கைப் பக்கம் போய் நிற்பாராம். முன்னால் நின்றால் எல்லாம் கேட்கும்தான், ஆனால் இடக்கை வேறே என்பார். எங்களுக்கு அது அப்போது விளங்கவில்லை.

ஸ்பீக்கர் கத்தத் தொடங்கியதும் அப்பா பாட்டை நிற்பாட்டிவிட்டார். திருத்தக் காசில்லை என்று சொல்லவில்லை. "இனி என்னத்துக்கு" என்று மட்டும் சொன்னார். ஐந்தாறு மாசம் அப்படியே ஓடினார். போன வருஷம் ஒரு விடியப்புறம், திரும்பி வரும்போது, மாங்குளம் தாண்டி அவருக்குக் கண் அயர்ந்து கார் றோட்டை விட்டுக் கிறவலில் இறங்கிவிட்டது. சில்லு கல்லில் ஏறின சத்தத்தில் முழித்துவிட்டார். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது, இந்தக் கட்டுரையை அவ வாசிக்கமாட்டா என்ற நம்பிக்கையில் எழுதுகிறோம். எங்களுக்குச் சொன்னபோது அவர் சொன்ன வசனம்: "ஒரு சத்தமும் இல்லாமல் வந்தது பிழையாப் போச்சு."

பாட்டு நித்திரையை நிற்பாட்டாது, அது எங்களுக்கும் தெரியும். நித்திரை வந்தால் காரை ஓரம் கட்டிப் படுக்கவேண்டும், வேறே மருந்து இல்லை. ஆனாலும் மகாபொலக் காசில் சேர்த்து வைத்தது கொஞ்சம் இருந்தது. காரை மாற்றுகிற கதையே இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிற்பாட்டினார்கள். 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறந்த பிறகும் அந்த விலை எங்களைப் போன்ற வீடுகளுக்கு இல்லை. இருக்கிற காரைத்தான் பார்க்கவேண்டும். ஸ்பீக்கரையாவது மாற்றுவோம் என்று வெளிக்கிட்டோம்.

முதலில் போனது ரவுணில் ஒரு கார் செற் கடைக்கு. துணைக்குச் சித்தப்பாவின் மகனையும் கூட்டிப் போனோம், அவனுக்கு வயது பதினைந்து. கேள்வி கேட்டது நாங்கள், பதில் முழுக்க அவனுக்கே கிடைத்தது. "தம்பி, இதைப் போட்டால் பின் கண்ணாடி உதறும் தம்பி." அவனும் பெரிய மனுசன் மாதிரித் தலையாட்டினான். கடைசியில் "பிள்ளையள், அப்பாவை ஒருக்கா அனுப்புங்கோவன்" என்றார் கடைக்காரர்.

அவர் காட்டியது 12 அங்குல வூபர், கறுப்புக் கம்பளம் ஒட்டிய பெட்டிக்குள். கூடவே ஓர் அம்பிளிபயர், அதன் மட்டையில் 1200 வாற்ஸ் என்று நெருப்பு எழுத்தில் போட்டிருந்தது. எல்லாமாக 45,000 ரூபா. எங்களுக்கும் கண் போனது, பொய் சொல்லவில்லை. காசை எண்ணிப் பார்த்து மிச்சத்தை யாரிடம் மாறுவது என்று கதைத்துக்கொண்டே வந்து, முற்றத்தில் நின்ற காரின் டிக்கியைத் திறந்தோம். அப்போதுதான் உறைத்தது. விமான நிலையம் போகிற ஆட்கள் ஆளுக்கு இரண்டு சூட்கேஸ் கொண்டு வருவார்கள். மிளகாய்த்தூளும் ஒடியலும் பினாட்டும் அடைத்த பெட்டிகள். அந்த டிக்கிதான் எங்கட சாப்பாடு. அதுக்குள்ளே ஒரு வூபர் பெட்டியை வைத்தால் அப்பா ஹயரை விடவேண்டியதுதான்.

ஆகவே தட்டில் ஏற்கெனவே இருக்கிற ஓட்டைக்குள்ளேயே ஏதாவது செய்யவேண்டும். அதற்குத்தான் அந்த அண்ணையிடம் போனோம். முந்தி கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டியவர். இப்போது வீட்டு விறாந்தையில் றேடியோ, ஸ்பீக்கர் திருத்துகிறார். அவர் எங்களோடுதான் கதைத்தார், தம்பியைப் பார்த்து வாங்கிலில் இருக்கச் சொன்னார்.

1200 வாற்ஸ் கதையைச் சொன்னதும் சிரித்தார். "அதில என்ன பியூஸ் போட்டிருக்கெண்டு பாத்தனீங்களோ?" படம் எடுத்து வைத்திருந்தோம், 30 அம்பியர். "கார் ஓடேக்க பற்றரி லைனில 14 வோல்ற் எண்டு வையுங்கோ. முப்பதால பெருக்குங்கோ." 420. "உள்ள போறதே 420. அதில அரைவாசிக்குக் கிட்டச் சூடாப் போகும். வெளியில எப்பிடி 1200 வரும்?" கலைப்பீடத்தில் மூன்று வருஷம் விமர்சனம் படித்தும் ஒரு மட்டைப்பெட்டியை விமர்சிக்கத் தெரியாமல் நின்றோம். மட்டையில் போடுவது கண் இமைக்கிற நேரத்துக்குத் தாங்கக்கூடிய உச்சம், அதையும் தாராளமாகப் போடுவார்கள். ஆர்.எம்.எஸ் என்று தனியாக ஒரு சின்ன எண் எங்கேயாவது இருக்கும், அதைத்தான் பார்க்கவேண்டும் என்றார்.

பிறகு தட்டைக் கழற்றினார். ஸ்பீக்கர் கடதாசிக் கூம்பு, சுற்றிவர இருந்த ஸ்பொஞ் விளிம்பு கை வைக்கத் தூளாகக் கொட்டியது. வெயிலும் ஈரமும் வருஷங்களும் சேர்ந்தால் அந்த ஸ்பொஞ் அப்படித்தான் உக்கும். விளிம்பு மட்டும் புதிதாக ஒட்டலாமோ என்று கேட்டோம். அவர் இரண்டு பெருவிரலாலும் கூம்பை மெல்ல உள்ளே அமர்த்தி எங்களைக் காது வைக்கச் சொன்னார். கர கர என்றது. உள்ளே கம்பிச் சுருள் காந்தத்தில் உரசுகிறது. விளிம்பு கிழிந்த பிறகும் ஓடவிட்டதால் சுருள் கோணிவிட்டது, ஒட்டிப் பிரயோசனம் இல்லை. (விளிம்பு மட்டும் போயிருந்தால் சில ஆயிரத்தோடு முடிந்திருக்கும். உங்கள் வீட்டுக் காரும் பற பற என்றால் பாட்டை நிற்பாட்டிவிட்டு உடனே கழற்றிப் பாருங்கள்.)

மல்டிமீற்றரை வைத்தார். 1.7 ஓம் காட்டியது. மீற்றரில் வருவது எப்போதும் எழுதப்பட்ட எண்ணுக்குக் கொஞ்சம் கீழே இருக்கும், ஆகவே இது 2 ஓம் ஸ்பீக்கர். கடைகளில் கூடக் கிடைப்பது 4 ஓம். அதைப் போட்டால் காரோடு வந்த அம்பிளிபயர் கிட்டத்தட்ட அரைவாசிச் சக்திதான் கொடுக்கும். எங்கட முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "அரைவாசிச் சக்தியெண்டால் அரைவாசிச் சத்தமில்லைப் பிள்ளையள்" என்றார். சக்தி பாதியாகக் குறைந்தால் சத்தம் 3 டெசிபெல்தான் குறையும். காதுக்குப் பாதியாகக் கேட்க வேண்டுமென்றால் சக்தி பத்தில் ஒன்றாகவேண்டும். கூட ஓம் போட்டால் அம்பிளிபயருக்கு ஆபத்தில்லை, குறையப் போட்டால்தான் சூடேறிப் பொசுங்கும்.

பெட்டி? பெட்டி இல்லாமல் வேலை செய்யவென்றே செய்த வூபர்கள் இருக்கின்றன. தட்டுக்கு மேலே ஆட்கள் இருக்கிற இடம், கீழே டிக்கி. டிக்கியே பெட்டி. சாதாரண பெட்டி வூபரை அப்படிப் போட்டால் பின்னால் காற்று அமர்த்திப் பிடிக்காது, கூம்பு அளவுக்கு மிஞ்சி ஆடிக் கெட்டுப்போகும். ஆகவே 8 அங்குலம், 4 ஓம், பெட்டியில்லா வகை. இன்னொரு அளவும் உண்டு, அதை எடுக்காமல் வாங்குகிறவர்கள்தான் கனபேர் என்றார்: ஆழம். டிக்கி மூடியைத் தூக்குகிற இரும்புக் கம்பிகள் தட்டுக்குக் கீழேதான் குறுக்கே ஓடுகின்றன. காந்தம் பெரிதென்றால் கம்பியில் இடிக்கும். அடிமட்டத்தை வைத்து அளந்து, ரியூஷன் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போனோம். அதே கடைக்குத்தான். இந்த முறை தம்பியைக் கூட்டிப் போகவில்லை. ஓமும் ஆழமும் சொல்லிக் கேட்டதும் கடைக்காரர் எங்களைப் பார்த்துக் கதைத்தார். 16,500 ரூபா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா விடிய வந்து படுத்திருந்தார். காரைக் கழுவக் கொண்டு போகிறோம் என்று திறப்பை எடுத்தோம். அண்ணை பழைய பிளக்கை வெட்டவில்லை, அதற்கு ஏற்ற வயரை ஈயம் வைத்துப் பூட்டினார். காந்தத்துக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. செற்றைப் போட்டோம். (அந்தச் செற் ஒரு தனிக் கதை. யப்பான் எவ்.எம் முந்தி 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ், எங்கட நிலையங்கள் 108 வரைக்கும். அதற்கென்று ஒரு சின்னப் பெட்டி பூட்டும்வரைக்கும் பாதி ஸ்டேஷன் பிடிக்காமலே கிடந்தது.)

பேஸ் இல்லை. முந்தியதை விடக் குறைவு. கதவு ஸ்பீக்கர்கள் மட்டும் பாடின மாதிரி இருந்தது. பதினாறாயிரத்து ஐந்நூறு ரூபாவை மனதுக்குள் எண்ணிக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி பார்த்தோம். அண்ணை ஒன்றும் சொல்லாமல் இரண்டு வயரையும் மாற்றிப் பூட்டினார். வந்தது! கூட்டலும் கழித்தலும் மாறினால் கதவு ஸ்பீக்கர் முன்னுக்குத் தள்ளும்போது இது பின்னுக்கு இழுக்கும், இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். பூட்ட முதல் சின்ன பற்றரியால் தொட்டுப் பார்த்திருக்கவேண்டும், கூட்டலில் கூட்டல் பட்டால் கூம்பு வெளியே வரும். "நானும் மறந்துபோனன்" என்று சிரித்தார். வந்த பேஸுக்கு நம்பர் பிளேற்றும் தட்டின் கிளிப்பும் கிடுகிடுத்தன. இரண்டு துண்டு றப்பர் வைத்தோம். பழைய ஸ்பீக்கரின் தலையில் போட்ட பழியில் பாதி அந்தக் கிளிப்புடையதாகத்தான் இருக்கவேண்டும்.

அப்பாவுக்குப் பின்னேரம் சொன்னோம். முதலில், "அந்தக் காசுக்கு ஒரு டயர் போட்டிருக்கலாம்" என்றார். பிறகு தனியப் போய்க் காருக்குள் இருந்தார். நாங்கள் பின் கதவைத் திறந்து ஏறினோம். பென் ட்ரைவில் அந்தத் தனி ஆவர்த்தனம். அவர் செய்த முதல் வேலை, நாங்கள் கூட்டி வைத்திருந்த பேஸை இரண்டு கட்டை குறைத்தது. பெரிய இடியை எதிர்பார்த்திருந்த எங்களுக்குக் கொஞ்சம் மனவருத்தம். இஞ்சின் ஓடவில்லை, சத்தமும் குறைவு. வலக்கைக் கூடுகளின் கணகணப்புக்குக் கீழே, பூவரசங் கழி தொப்பியில் விழுகிற அந்த ஊமை அடி வட்டமாகக் கேட்டது.

"இப்பதான் இடக்கை கேக்குது," என்றார். "இவ்வளவு காலமும் ஒரு கையாலதான் வாசிச்சுக்கொண்டு வந்தவர்."

பிறகு இதைப் பற்றி வாசித்தோம், பழக்கதோஷம். 1933இல் பெல் ஆய்வுகூடத்தில் பிளெச்சர், மன்சன் என்ற இரண்டு பேர் மனிதக் காது எந்தச் சுருதியை எவ்வளவு சத்தமாக உணர்கிறது என்று அளந்து வரைபு போட்டிருக்கிறார்கள். சத்தம் குறையக் குறையக் காது முதலில் கைவிடுவது கீழ்ச் சுருதிகளை. அதோடு றோட்டின் இரைச்சலும் பெரும்பாலும் கீழ்ச் சுருதிதான், அது தொப்பியின் சத்தத்துக்கு மேலே ஏறிப் படுத்துவிடும். கண்ணாடி உதற வைக்க அல்ல, இந்த இரண்டையும் ஈடுகட்டத்தான் யப்பான்காரன் அந்த ஓட்டைக்குள் அதை வைத்து அனுப்பியிருக்கிறான் போல. ஆனால் இதையெல்லாம் அப்பாவுக்கு நாங்கள் சொல்லவில்லை. இடக்கைப் பக்கம் போய் நின்ற ஆள் அவர்.

போன கிழமை ஒரு ஹயர். சூட்கேஸ் நாலும் டிக்கிக்குள் போனது. இரவு இரண்டே முக்காலுக்கு எங்களில் ஒருத்தியின் போன் அடித்தது. ஒப்படைக்க வேண்டிய கட்டுரை இருந்ததால் இரண்டு பேரும் முழிப்பு. முதலில் தவில்தான் கேட்டது, பிறகு அவர் குறைத்துவிட்டுக் கதைத்தார்.

"வவுனியாவில நிக்கிறன் பிள்ளையள். கண்ணைக் கட்டுது. ஒரு மணித்தியாலம் படுத்திட்டு வாறன், கொம்மாட்டச் சொல்லிவிடுங்கோ."