ஏரிக்கரை வழியே கழுவெளிக்கு

திண்டிவனத்தில் சாலைகளுக்குக் குறைவில்லை. சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் பெருஞ்சாலை ஊரைத் தொட்டுச் செல்கிறது. புதுச்சேரிக்கும், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும், கிழக்கே மரக்காணத்திற்கும் இங்கிருந்தே சாலைகள் பிரிகின்றன. ஆயினும், பன்னிரண்டு வயதுப் பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றி, "பத்திரமாகப் போய் வா" என்று மன நிம்மதியோடு அனுப்பத்தக்க சாலை இவற்றுள் ஒன்றேனும் உண்டா என்று பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள். 1991ஆம் ஆண்டளவில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின் துணையால் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றனர். 2001 முதல் அரசு முதலில் மாணவியருக்கும் பின்னர் மாணவருக்கும் விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. வண்டி வீடு தேடி வந்துவிட்டது. அது ஓடுவதற்கு வழிதான் வரவில்லை.

வழி ஒன்று முன்னமே இருக்கிறது என்பதுதான் எங்கள் எண்ணம். ஏரிக்கரைகளைச் சொல்லுகிறோம்.

திண்டிவனத்திற்குத் தென்கிழக்கே உள்ள ஏரிகள் தனித்தனியானவை அல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓர் ஏரி நிரம்பினால், உபரி நீர் கலங்கல் வழியாக வழிந்து, ஓடையில் இறங்கி, அடுத்த ஊர் ஏரியை அடைகிறது. அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரி. இவ்வாறு பல ஊர்களின் நீர் கிழக்கு நோக்கிச் சென்று, கடைசியில் கழுவெளி என்னும் பெருஞ்சதுப்பில் சேர்கிறது. அங்கிருந்து உப்பங்கழி வழியாகக் கடலைத் தொடுகிறது. தண்ணீர் மேடு ஏறாது அல்லவா? ஆகவே தண்ணீர் போகும் போக்கிலே போகிறவனுக்கும் மேடு இல்லை. கரைமேல் மாட்டு வண்டி செல்லும் அகலத்தில் செம்மண்ணும் சரளையுமாகப் பாதை கிடக்கிறது. கரை முடியுமிடத்தில் வண்டிப்பாதை தொடங்கி அடுத்த கரைவரை கொண்டுபோய் விடுகிறது. லாரிக்கும் பேருந்துக்கும் அங்கே வேலை இல்லை.

இந்தத் திசையில் நடந்தவர்கள் நேற்றுப் பிறந்தவர்கள் அல்லர். நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட கிடங்கில், இன்றைய திண்டிவனத்திற்குள்ளேயே அடங்கிய ஊர். அந்நூல் பாணனை எயிற்பட்டினத்திலிருந்து உள்நாட்டை நோக்கி ஆற்றுப்படுத்துகிறது. எயிற்பட்டினம் என்பது மரக்காணமே என்று ஆய்வாளர் பலர் கருதுவர். பாணன் கடற்கரையிலிருந்து வந்தான்; நாங்கள் கடற்கரைப் பக்கம் போனோம். அவனுக்கு வழியெங்கும் விருந்து கிடைத்தது. எங்களுக்கு ஓமந்தூர்ப் பக்கத்தில் தேநீர் கிடைத்தது.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை விடியலில், வீட்டார் ஐவர் நான்கு சைக்கிள்களில் கிளம்பினோம். கடைக்குட்டி பின் கேரியரில். சாலையில் காற்றை இறுக அடித்துச் செல்வோர் சரளையில் அவ்வாறு செல்லலாகாது. டயர் கல்போல் இருந்தால் ஒவ்வொரு கூழாங்கல்லும் இடுப்பு வரை பேசும். கட்டை விரலால் அழுத்தினால் சற்றே அமுங்கும் அளவுக்குக் காற்றைக் குறைத்துக் கொண்டோம். மணல் திட்டு வந்தால் கைப்பிடியைத் திருப்பாமல் நேரே மிதிக்க வேண்டும். சரிவில் முன் பிரேக்கைத் திடீரெனப் பிடிக்கக் கூடாது. இவற்றைக் காட்டிலும் பெரிய பகை வேலிகாத்தான் முள். இரண்டு முறை பஞ்சர். ரப்பர் துண்டும் சொல்யூஷனும் உப்புத்தாளும் பையில் இல்லாமல் இப்பக்கம் வருவது அறிவுடைமை ஆகாது.

ஒருபுறம் ஏரி நீர், மறுபுறம் நெல். அப்பால் மணிலாக் கொல்லை, தர்பூசணிக் கொடி, வரிசையாய்ப் பனை. எதிர்ப்பட்ட வண்டி ஒன்றே ஒன்று, வைக்கோல் ஏற்றிய மாட்டு வண்டி. வழக்கமாகக் கத்திப் பேசும் எங்கள் பிள்ளைகள் அன்று தாமாகவே மெல்லப் பேசினார்கள். இரைச்சல் இல்லாத இடத்தில் குரலை உயர்த்தத் தேவையில்லை என்று யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

கழுவெளியின் ஓரத்தை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. தமிழ்நாட்டில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இது. மழைக்காலத்தில் கடல்போல் விரியும்; கோடையில் பெரும்பகுதி வறண்டு வெடிக்கும். 2021 டிசம்பரில் 5,151.60 ஹெக்டேர் பரப்பு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது. வனத்துறையின் அனுமதியின்றி உள்ளே செல்லக் கூடாதாகையால் ஊரோரப் பாதையிலேயே நின்று பார்த்தோம். தொலைவில் வெண்மையும் இளஞ்சிவப்புமாய் ஒரு கோடு. பூநாரைகள். அருகே அரிவாள் மூக்கன்கள் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தன.

வாத்து மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களையும் சைக்கிள்களையும் மாறி மாறிப் பார்த்தார். "பஸ்ஸு இல்லைங்களா? இத்தனை தூரம் மிதிச்சுக்கிட்டா வந்தீங்க?" என்று இரக்கத்தோடு கேட்டார். பஸ் இருந்தும் வந்தோம் என்றபோது அவர் நம்பியதாகத் தெரியவில்லை. "இந்தக் கரைக்கும் தார் போடப் போறாங்களாம். போட்டா உங்களுக்கு நல்லதுதான்" என்று ஆறுதல் சொன்னார்.

அந்த ஆறுதல்தான் எங்களைக் கலங்க வைத்தது. தார் வேண்டாம் என்று ஊராரிடம் சொல்ல நமக்கு உரிமை உண்டா? மழைநாளில் பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணைச் சேற்றுப் பாதையில் எடுத்துச் செல்வோர் படும் பாட்டைச் சைக்கிள் சவாரிக்கு வந்த நாங்கள் அறிவோமா? ஊருக்குள் வரும் சாலை தார்ச்சாலையாகத்தான் இருக்க வேண்டும்; அதில் ஐயமில்லை. ஆனால் ஏரிக்கரை வேறு. அது நீரைத் தாங்க எழுப்பிய மண். அதன்மேல் தார் விழுந்தால் சுற்றுவழியை மிச்சப்படுத்த மணல் லாரி வரும். லாரி வந்தால் கரை அமிழும். பிள்ளைகளுக்கு இருந்த வழியும் போகும். கரையைச் செம்மண்ணும் சரளையும் கொட்டிக் கெட்டித்து, இரு முனையிலும் சைக்கிளும் மாடும் மட்டும் நுழையும் இடைவெளி விட்டுக் கல் நட்டால் போதும். உழவர் வண்டிக்குத் திறக்கும் சங்கிலி ஒன்று வைத்துக்கொள்ளலாம். இது பகற்கனவு அன்று. இங்கிலாந்தில் பிரிஸ்டல், பாத் ஆகிய இரு நகரங்களுக்கிடையே கைவிடப்பட்ட இரயில் தடத்தை 1979 தொடங்கிச் சில ஆண்டுகளில், பெரிதும் தன்னார்வலர் உழைப்பால், சைக்கிள் பாதையாக மாற்றினார்கள். நமக்கோ தடம் போட வேண்டிய வேலையும் இல்லை; நம் முன்னோர் போட்டு வைத்திருக்கிறார்கள்.

திரும்பும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சிறப்பு வகுப்பு முடிந்து சீருடையோடு மூன்று மாணவிகள் அரசு கொடுத்த சைக்கிள்களில் எங்களைக் கடந்து போனார்கள். சாலை வழியாகப் போனால் வீடு கிட்டம்தானே என்று கேட்டோம். "ரோட்டுல வந்தா அம்மா திட்டும்" என்றாள் ஒருத்தி. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த வெள்ளத்தில் இந்தக் கரையும் ஓரிடத்தில் உடைந்திருந்தது. உடைப்பில் கொட்டிய மண் இன்னும் இறுகவில்லை. அங்கே மட்டும் மூவரும் இறங்கி, பாவாடையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிச் சென்று, அப்பால் ஏறிக்கொண்டார்கள்.