ஸ்டேட்டஸ் கேட்கத் தெரிய வேண்டும்

வேலையைத் தொடங்கி வைப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. தொடங்கியது இன்னும் நடக்கிறதா என்று போய்ப் பார்ப்பவர்கள்தாம் குறைவு. லினக்ஸ் சர்வர்களைக் காத்துப் பிழைத்தவன் என்ற முறையில், எங்களூர் சிம்பாங் ரெங்கத்துத் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இது ஒன்றுதான்.

லினக்ஸில் முதலில் எழும் நிரல் இனிட். அதன் எண் 1. மற்ற சேவைகளை அதுதான் எழுப்பும். பழைய முறையில் ஒவ்வொரு சேவைக்கும் ஓர் இனிட் ஸ்கிரிப்ட் உண்டு. ஸ்டார்ட், ஸ்டாப், ரீஸ்டார்ட், ஸ்டேட்டஸ் என்று அதற்குக் கட்டளையிடலாம். முதல் மூன்றும் எல்லார் கையிலும் தானாக வரும். நான்காவது, ஏதாவது கெட்ட பிறகுதான் நினைவுக்கு வரும்.

சேவை எழும்போது அதன் எண் ஒரு பிஐடி கோப்பில் பதிவாகும். திடீரென்று செத்தால் அந்தப் பதிவு அழியாமல் கிடக்கும். ஸ்டேட்டஸுக்கு 0 என்று வந்தால் ஓடுகிறது; 1 என்றால் செத்துவிட்டது, கோப்பு மட்டும் மிச்சம். தோட்டத்தில் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயர் விழுந்திருக்கும், நிரையில் ஆள் இருக்கமாட்டார், அதுபோல. அதனால் நல்ல ஸ்கிரிப்ட் கோப்பை மட்டும் நம்பாது. அந்த எண்ணுக்கு 0 என்ற சிக்னலை அனுப்பிப் பார்க்கும். அதில் உத்தரவு எதுவும் இல்லை. ஆள் உண்டா என்ற விசாரிப்பு மட்டுமே.

உயிரோடிருந்தும் உறைந்து நிற்கும் சேவைகளும் உண்டு. ஆகவே நாகியோஸ் போன்ற கண்காணிப்புக் கருவிகள் வலைப்பக்கத்தையே கேட்டு வாங்கிப் பார்க்கும். எங்கள் தண்ணீர்க் கதையும் இதேதான்: 2019இல் ஆற்றில் அம்மோனியா கூடியதால் எங்களூர் நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைத் திரும்பத் திரும்ப மூடினார்கள். பம்பு ஓடுகிறதா என்று பார்த்தால் அம்மோனியா தெரியாது. தண்ணீரைச் சோதித்தால்தான் தெரியும்.

2010இல் வந்த புதிய இனிட்டான சிஸ்டம்டி, சொல்லி வைத்தால் விழுந்த சேவையைத் தானே எழுப்பும். ஆனால் வழக்கமான அமைப்பில் பத்து விநாடிக்குள் ஐந்து முறைக்குமேல் எழுப்ப நேர்ந்தால் அதுவும் கையை விரித்துவிடும். ஏன் விழுகிறது என்று லாக் பதிவைப் படிக்க மனிதர் வர வேண்டும்.

வீட்டிலும் இப்படித்தான். மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான், மாதம் பணம் வருகிறது என்பது வெறும் பதிவு. போனில் ‘நல்லா இருக்கியா?’ என்றால் ‘இருக்கேன்’ என்பான். அதோடு வைத்துவிடாதீர்கள். ராத்திரி தூங்கினானா, யாரோடு சாப்பிட்டான் என்று கேளுங்கள். பதில் இழுத்தால், மறுநாளே பஸ் ஏறுங்கள்.