ஆண்டீஸ் மலையூரில் அரபுச் சொற்கள்

கொலம்பியா நாட்டின் ஆண்டீஸ் மலைப்பகுதியில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,150 மீட்டர் உயரத்தில், வில்லா தெ லெய்வா என்றொரு சிற்றூர் உண்டு. 1572-ஆம் ஆண்டு ஸ்பானியர் நிறுவிய ஊர். அந்நாளைய ஆட்சித் தலைவர் வெனேரோ தெ லெய்வாவின் பெயரைத் தாங்கியது. வெள்ளைச் சுவர்களும் ஓட்டுக் கூரைகளும் சூழ்ந்த அதன் கல் பாவிய சதுக்கம் 14,000 சதுர மீட்டர்! இத்துணைச் சிறிய ஊருக்கு அத்துணைப் பெரிய முற்றம்.

நம்மை ஈர்ப்பது முற்றமன்று, சுவர். வெயிலில் உலர்த்திய மண்கல்லை ஸ்பானியர் 'அதோபே' என்பர். அரபி பயின்றோர் செவியில் அது 'அத்தூப்' என்றே விழும், வேரும் அதுவே. வாய்க்காலைக் குறிக்கும் 'அசேகியா' நம் 'அஸ்ஸாகியா'. நகரத் தலைவரான 'அல்கால்தே' வேறு யாருமல்லர், நம் காழியார்தாம்! நீர்த்தொட்டியாகிய 'அல்ஹிபே', 'அல்ஜுப்' என்பதன் திரிபு. யூசுப் நபி (அலை) அவர்கள் இடப்பட்ட கிணற்றைத் திருமறை இச்சொல்லாலேயே சுட்டுகிறது.

அந்நிலப்பரப்பிற்கே ஸ்பானியர் இட்ட பெயர் 'புதிய கிரனாடா'. 1492-இல் முஸ்லிம்கள் இழந்த நகரின் பெயர் அது. முஸ்லிம்களும், கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட அவர்தம் வழியினரும் அக்கரை செல்லலாகாது என அரசு தடுத்தது. அவர்தம் சொற்களோ மாலுமிகளின் நாவிலும் கொத்தர்களின் நாவிலும் ஏறிச் சென்றன.

ஆயினும் இதில் மகிழ்ந்து நின்றுவிட நம் மனம் ஒப்பவில்லை. அம்மண் முயிஸ்கா மக்களுடையது. ஊரருகே தொன்மக்கள் நட்ட கற்றூண்களை வந்தேறியோர் 'சிறு நரகம்' என்று பழித்தனர். 1770-இல் மன்னர் மூன்றாம் கார்லோஸ், ஸ்பானியம் ஒன்றே வழங்குக என ஆணையிட்டார். முயிஸ்கா மொழியைத் தாய்மொழியாகப் பேசுவோர் இல்லாது போயினர். சாச்சிகா, ராக்கிரா என்னும் அண்டை ஊர்ப் பெயர்களில் அதன் ஓசை இன்றும் ஒலிக்கிறது.