ஏலகிரியில் இரண்டு நாட்கள்

வெயில் ஏறத் தொடங்கியதும் வேலூர், ஆம்பூர் பகுதிகளில் வாழும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது ஏலகிரி மலைதான். வாணியம்பாடியிலிருந்து திருப்பத்தூர் செல்லும் சாலையில் பொன்னேரியில் திரும்பினால் மலைப்பாதை தொடங்குகிறது. கொண்டை ஊசி வளைவுகள் 14. அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் ஆகியோரின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். 'ஏழைகளின் ஊட்டி' என்ற பட்டமும் இம்மலைக்கு உண்டு. (ஏற்காட்டுக்கும் இதே பட்டந்தான். ஏழைகளுக்குத்தான் எத்தனை ஊட்டிகள்!)

சென்ற மே மாதத்தில் நமக்கு நெருங்கிய குடும்பம் ஒன்றுடன் அங்கே சென்று இரண்டு நாட்கள் தங்கினோம். தாய், ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலை ஒன்றில் தையல் பிரிவில் வேலை செய்பவர். தந்தை தோல் பதனிடும் ஆலையில் இருக்கிறார். ஒரே மகள், நான்கு வயது. ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாட்களில் அக்குழந்தை கண் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி பாட்டியிடமே கழிகிறது. அதனால்தான் ஊதியமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு, சீட்டுப் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, இந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். "மலைமேல் போனால் நாள் முழுவதும் தண்ணீரில் விளையாடலாம்" என்று குழந்தைக்கு ஒரு மாதமாகவே சொல்லி வைத்திருந்தார் தாய்.

ஒன்பதாம் வளைவில் குழந்தை வாந்தியெடுத்தது. அது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது விடுதியில் காத்திருந்தது. விளம்பரப் படத்தில் நீல நிறமாய்த் ததும்பிய நீச்சல் குளத்தின் அடியில் சருகுகள் கிடந்தன. குடிப்பதற்கே லாரியில் தண்ணீர் வருகிறது, குளத்துக்கு எங்கே போவது என்று கேட்டார் அங்கிருந்த பணியாளர். அவர் சொன்னதில் பிழையில்லை; ஆனால் அதைப் பணம் வாங்குமுன் சொல்லியிருக்கலாம். குழந்தைக்கெனத் தனிக் கட்டணமும் வாங்கியிருந்தார்கள். இரவில் அதற்கு இரண்டு இட்டிலி கேட்டதற்கு, சப்பாத்தியும் காரமான குருமாவும் மட்டுமே உண்டு என்றார்கள். பாலில் நனைத்த ரொட்டியோடு அது உறங்கிப்போயிற்று.

குளிர்ச்சியேனும் உண்டா என்றால், அதையும் கணக்குப் பார்த்தே சொல்ல வேண்டும். ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஆறு பாகை வெப்பம் குறையும் என்பது பொது விதி. ஏலகிரியின் உயரம் சுமார் 1,100 மீட்டர். ஆம்பூரே கடல் மட்டத்துக்கு 300 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஆகவே நாம் ஏறிப் பெறுவது ஐந்து பாகை. கீழே 40 என்றால் மேலே 35. உதகையோ 2,200 மீட்டருக்கு மேற்பட்டது. காலையிலும் மாலையிலும் ஏலகிரியின் காற்று இதமானதுதான். நண்பகலில் அதை உதகையோடு ஒப்பிடுவது அந்த மலைக்கே இழைக்கும் அநீதி.

மறுநாள் புங்கனூர் ஏரிக்குச் சென்றோம். அது செயற்கை ஏரி. படகுக்கு நீண்ட வரிசை. வெயிலில் குழந்தை அழத் தொடங்கவே திரும்பிவிட்டோம். அருவி பார்க்கலாம் என்றார் தந்தை. ஜலகாம்பாறை அருவி இருப்பது மலையின் மறுபக்கத்தில். வண்டியில் செல்வோர் கீழிறங்கித் திருப்பத்தூர் வழியாகச் சுற்றிப் போக வேண்டும். மழைக்காலத்து அருவி அது. மே மாதத்தில் அங்கே பாறையைத்தான் பார்க்கலாம்.

திரும்பும்போது வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் இடையே நெடுஞ்சாலை பாலாற்றை ஒட்டியே வருகிறது. மணலும் முள்மரங்களுமாய்க் கிடந்ததைக் காட்டி, "இது ஆறு" என்றார் தாய். "தண்ணீர் எங்கே?" என்றது குழந்தை. தம் பாட்டி இதே மணலில் ஊற்றுத் தோண்டிக் குடத்தில் முகந்து வந்ததைத் தந்தை சொன்னார். பிறகு சற்று நேரம் எவரும் பேசவில்லை. தோல் கழிவுகளால் இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பாழ்பட்டதை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் அளித்த தீர்ப்பில் எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டுமென்றும் கூறியது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மீண்டும் இழப்பீடு பற்றி ஆணையிட வேண்டியிருந்தது. அந்தத் தோலில் வரும் கூலியைச் சேர்த்துத்தான் இவர்கள் மகளுக்குத் தண்ணீர் காட்ட மலையேறினார்கள்.

நம் குடும்பங்களில் பலவும் அடுத்த கோடையிலும் இம்மலைக்குப் புறப்படும். குளத்தில் நீர் உண்டா, குழந்தைக்கு ஏற்ற உணவு கிடைக்குமா, அதற்குக் கட்டணம் எவ்வளவு என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். ஓரிரவு கூடத் தங்காமல் சென்று வரவும் வழியுண்டு. இந்தக் குடும்பம் அதைத்தான் முடிவு செய்திருக்கிறது: வடகிழக்குப் பருவமழை பெய்தால், கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் பின்வரும் அரையாண்டு விடுமுறையில், புளிச்சோறும் மாற்றுடையும் எடுத்துக்கொண்டு விடியற்காலையில் ஜலகாம்பாறைக்குப் புறப்பட்டு, மாலையில் வீடு திரும்புவது. குழந்தை இப்போதே நாள் கேட்கத் தொடங்கிவிட்டது.