அம்பாறை எண்டு தேடினால் கிடைக்காது

பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்துக் கணினியில நான் தட்டின முதல் சொல் 'அம்பாறை'. நெல், நீர்ப்பாசனம், சுனாமி எண்டு கொஞ்சம் வந்தது. எனக்குத் தேவையானது ஒண்டும் இல்லை. திருக்கோவிலில இருந்து இருட்டோட வெளிக்கிட்டு, அக்கரைப்பற்றில கண்டி பஸ் பிடிச்சு, அம்பாறை, மகியங்கனை தாண்டி, பதினெட்டு வளைவில வயிறு குமட்ட ஏறி வந்தது இதுக்குத்தானா எண்டு இருந்தது.

நான் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறவள். தமிழில முதுதத்துவமாணி ஆய்வு செய்யத் தொடங்கியிருந்தேன். தவணை விடுமுறையில மட்டும்தான் நூலகத்துக்குப் போக முடியும். ஒரு நாள் வீணாப் போனால் அடுத்த நாளுக்கு நாலு மாதம் காத்திருக்கவேணும்.

என்ர ஆய்வு கண்ணகி வழக்குரையின் மொழியைப் பற்றியது. எங்கட பக்கத்து ஊர் தம்பிலுவிலில கண்ணகி அம்மன் கோவில் இருக்கிறது. வைகாசியில கதவு திறந்தால் குளிர்த்தி வரைக்கும் வழக்குரை படிப்பார்கள். சின்ன வயதில அம்மம்மாவின்ர மடியில படுத்துக்கொண்டு கேட்டது. பாதிச் சொல் விளங்காது, ஆனால் அழுகை வரும். அந்த விளங்காத பாதி என்ன எண்டு பார்க்கத்தான் வெளிக்கிட்டேன்.

அண்டைக்கு என்னைக் காப்பாற்றியவர் நூலகத்தில வேலை செய்த ஒரு அம்மா. சிங்களம் பாதி, ஆங்கிலம் பாதியாக அவர் சொன்னது இவ்வளவுதான்: பழைய புத்தகம் தேடினால் பழைய பேரைப் போடு. அதுக்குப் பிறகுதான் மண்டையில உறைத்தது. அம்பாறை மாவட்டம் பிறந்ததே 1961இல். அதுக்கு முந்தி நாங்கள் மட்டக்களப்பு. 'பட்டிக்கலோ' எண்டு ஆங்கிலத்தில தட்டினேன். எஸ்.ஓ. கனகரத்தினம் 1921இல் எழுதின மட்டக்களப்பு மாவட்ட வரலாறு வந்தது. எஃப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம் வந்தது. வி.சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம், 1964, அதுவும் வந்தது. ஒரு மாவட்டத்தின்ர பேர் மாறினதால என்ர ஊர் முழுக்க அரைநாள் காணாமல் போயிருந்தது.

இதை ஒரு விளையாட்டாகவே பழகிக்கொண்டேன். 1972க்கு முந்தினது வேணும் எண்டால் 'ஸ்ரீலங்கா' எண்டு தேடிப் பயனில்லை, 'சிலோன்' எண்டு தேடவேணும். என்னோட அறையில இருந்த கல்முனைக்காரி முஸ்லிம் பெண்களின்ர தாலாட்டுகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். அவள் ஒருநாள் வந்து சொன்னாள், "இஞ்ச பாருகா, எங்களத் தேடினா 'மூர்ஸ்' எண்டு போட்டாத்தான் வருகுது. எங்கட வாப்பாக்கே தெரியாது நாங்க மூர்ஸ் எண்டு." ரெண்டு பேரும் நூலகத்து வாசலில நிண்டு சிரிச்சோம். சிரிச்சு முடியக் கொஞ்சம் கவலையாயும் இருந்தது. எங்கட பேரை ஆரோ வைச்சிருக்கிறான், அந்தப் பேரைச் சொன்னால்தான் கதவு திறக்குது.

வெளிநாட்டு நூலகங்களின்ர இணையப் பட்டியலில வேறொரு சிக்கல். தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில பதிந்திருப்பார்கள். நாங்கள் 'ழ'வுக்கு 'இசட் எச்' போட்டுப் பழகினவர்கள். அமெரிக்க நூலக முறையில 'ழ' எண்டால் கீழே கோடு போட்ட 'எல்'. 'வழக்குரை'யை எங்கட பழக்கத்தில தட்டினால் ஒண்டுமில்லை, 'எல்' போட்டுத் தட்டினால் வருகுது. ஆய்வு செய்யப்போகிற தம்பி தங்கைகள் இந்த ஒரு விசயத்தையாவது குறிச்சு வைச்சுக்கொள்ளுங்க. எனக்கு இது தெரிய ஒரு வருசம் போனது.

அலமாரியிலும் ஒரு பாடம் இருக்கு. டூயி தசமப் பகுப்பில மொழிகள் எல்லாம் 400க்குள்ள. ஆங்கிலத்துக்கு 420 முழுதாக, ஜேர்மனுக்கு 430, பிரெஞ்சுக்கு 440. இப்படியே ஐரோப்பாவின் பெரிய மொழிகளுக்கும் லத்தீன், கிரேக்கத்துக்கும் கொடுத்து முடிய, உலகத்தில மிச்சமுள்ள மொழிகள் எல்லாத்துக்கும் 490. அதுக்குள்ள 494, ஒரு புள்ளி, பிறகு 811: அதுதான் தமிழ். பந்தியில கடைசி இலை மாதிரி.

இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. அந்த நூலகம் இல்லாட்டி நான் இல்லை. டெனிஸ் மக்கில்வ்ரே எண்ட அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றில இருந்து ஆய்வு செய்து, 2008இல் வெளியிட்ட தடித்த புத்தகத்தில எங்கட திருக்கோவில் சித்திர வேலாயுத சுவாமி கோவிலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். தாய்வழிக் குடி, மகளுக்கே வீடு போகிற வழக்கம், கோவிலில எந்தக் குடிக்கு என்ன உரிமை எல்லாம் அதில இருக்கு. "நீ இன்ன குடி, மறக்காத" எண்டு அம்மம்மா சொல்லும்போது காது கொடுக்காத நான், அதையே ஆங்கிலத்தில வாசிச்சுக் குறிப்பெடுத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

கடைசியில நான் தேடி வந்ததும் கிடைத்தது. வி.சீ. கந்தையா 1968இல் பதிப்பித்த கண்ணகி வழக்குரை. தேவையான பக்கங்களைப் போட்டோக்கொப்பி எடுத்து, பையில உடுப்புக்கு நடுவில வைச்சுக் கொண்டுவந்தேன்.

ஊரில வழக்குரை படிக்கிற மூத்தப்பா ஒருவர் இருக்கிறார். சொந்தமில்லை, முறைக்கு அப்படிக் கூப்பிடுகிறது. வயது எண்பது தாண்டியிட்டுது. தகப்பன் ஏட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்த கொப்பி ஒண்டு அவரிட்ட இருந்தது. 2004 மார்கழி 26ஆம் திகதி கடல் வந்தபோது வீட்டோட அதுவும் போனது. அண்டையில இருந்து மனப்பாடத்திலதான் படிக்கிறார். கொப்பி போனவருக்கு அச்சுப் புத்தகம் கொண்டுபோகிறேன் எண்ட பெருமையோட அவர்ர வாசலில போய் இருந்தேன்.

அவருக்குக் கண் தெளிவில்லை. நான் வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் ஒரு இடத்தில கையைத் தூக்கினார்.

"நிப்பாட்டு புள்ள. இது எங்கட வாசிப்பு இல்ல."

"அப்ப புத்தகம் பிழையா மூத்தப்பா?"

"பிழை எண்டு ஆர் சொன்ன? அது அவங்கட ஏட்டில இருந்தது. இது எங்கட வாயில இருக்கிறது. மறுகா வாசி."

அண்டைக்குப் பின்னேரம் வரைக்கும் இருந்தோம். அவர் சொல்லச் சொல்ல, போட்டோக்கொப்பியின்ர ஓரத்தில பென்சிலால எழுதினேன். ஒரு சொல் மாறியிருக்கும், ஒரு அடி முன்பின்னாக வரும், சில இடத்தில புத்தகத்தில இல்லாத அடி இவரிட்ட இருக்கும். எனக்கு விளங்காத சொற்களுக்கு அவர் பொருள் சொல்லவில்லை. வயலில, கடலில அந்தச் சொல் எப்ப வரும் எண்டு சொன்னார். அது அகராதியை விட நல்லா விளங்கியது.

மேற்பார்வையாளரிட்ட அந்த ஓரக் குறிப்புகளைக் காட்டினேன். "இதுதான் உங்கட ஆய்வு. ஆனா ஒலிப்பதிவு வேணும். பென்சில் குறிப்பை மட்டும் ஆதாரமா வைக்க ஏலாது" எண்டார். நியாயம்தான். ஓடிவந்து மூத்தப்பாவிடம் போனைக் காட்டினேன். தலையை ஆட்டினார்.

"சொல்லாச் சொல்லித் தாறன். ராகம் போட்டுப் படிக்க ஒண்ணா. அம்மன்ட கதவு திறக்கோணும்."

எவ்வளவு கேட்டும் அதே பதில்தான். அவர் சொல்லாகச் சொன்னதைப் பதிந்து வைச்சிருக்கிறேன். ஆனால் ராகத்தில வரும்போதுதான் சொல் எங்க நீளுது, எங்க உடையுது எண்டு தெரியும். வைகாசிக்கு இன்னும் ஏழு மாதம். என்ர ஆய்வேடு கொடுக்கிற திகதி அதுக்கு முந்தி. அவர்ர வயதையும் நினைக்க வேண்டியிருக்கு. இரவில அந்த வாசல் பக்கம் அவர் இருமுகிற சத்தம் கேட்டால் எனக்கு நித்திரை வராது.

கால நீடிப்புக்கு விண்ணப்பம் எடுத்திருக்கிறேன். அதில 'காரணம்' எண்டு ஒரு பெட்டி இருக்கு, ரெண்டு வரி எழுத இடம். 'கள ஆய்வு நிறைவுறவில்லை' எண்டு எழுதப்போகிறேன். 'அம்மன் கதவு இன்னும் திறக்கவில்லை' எண்டதுதான் உண்மை.

மூத்தப்பா சம்மதிச்சால் அந்த ஒலிப்பதிவில ஒரு பிரதியைப் பேராதனைக்கும், ஒண்டை 2005இல் இருந்து எங்கட எழுத்துகளைச் சேர்த்து வருகிற நூலகம் இணையத்தளத்துக்கும் கொடுக்க நினைச்சிருக்கிறேன். கொடுக்கும்போது தேடற்சொற்களை நானே எழுதுவேன்: மட்டக்களப்பு, அம்பாறை, திருக்கோவில், தம்பிலுவில், கண்ணகி, வழக்குரை. ஆங்கிலத்தில 'ழ'வை ரெண்டு விதமாகவும் போடுவேன். பதினெட்டு வளைவு ஏறிவாற இன்னொரு பிள்ளைக்கு ஒரு நாளாவது மிஞ்சட்டும்.

உங்கட வீட்டிலயும் ஆராவது எழுதி வைச்ச கொப்பி இருந்தால், அலமாரிக்கு மேல இருந்து இறக்கி ஒருக்காத் தூசி தட்டிப் பாருங்க. அதை வாசிக்கத் தெரிஞ்ச ஆள் இருக்கும்போதே பாருங்க.